கோடிக்கரைக் காட்சியதிகாரம்

பறவை நூல்கள் பறவைகளை வகுத்திருக்கின்றன. விலங்கு நூல்கள் விலங்குகளை வகுத்திருக்கின்றன. காட்சியை வகுத்தவர் எவருமில்லை. ஐப்பசி மழை பிடித்தது முதல் பங்குனி வெயில் ஏறும்வரை கோடியக்கரைக்கு வேனிலும் காரிலும் வந்து இறங்கி, சேற்றோரம் நின்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "இப்ப நாம என்னத்தப் பாத்தோம்?" என்று கேட்டுக்கொண்டே ஊர் திரும்புகிறவர்களின் குறை தீர இந்நூல் செய்யப்பட்டது. இதனால் யாருக்கும் ஒரு பறவைகூடக் கூடுதலாகத் தென்படாது. தென்படாதது எந்த வகையைச் சேர்ந்தது என்பது மட்டும் தெளிவாகும்.

முதலில் நிலம். வங்கக் கரை தெற்கு நோக்கி நேரே இறங்கி வந்து சட்டென்று மேற்கே மடங்குகிற மூலைதான் கோடியக்கரை. ஒருபக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பாக் நீரிணை, நடுவே காடு, புல்வெளி, உப்பளம், பெரிய சதுப்பு. வெளிமானுக்காக 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சர் பட்டம் வந்தது. அதன்பின் 2022 வரை தமிழ்நாட்டில் அந்தப் பட்டம் இதற்கு மட்டுமே இருந்தது. திணை கேட்டால் கடலையும் உப்பையும் காட்டி நெய்தல் என்பார்கள். அப்படியானால் புல்வெளியில் மேயும் மான் அங்கே என்ன செய்கிறது? அது முல்லைக்கு உரியது. சதுப்பின் ஓரத்து நெல்வயல் மருதத்தது. இதைத் திணைமயக்கம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். முன்னோரும் அதைத்தான் செய்தார்கள். புல்வெளியில் மட்டக்குதிரையும் மேய்கிறது. அதை எத்திணையிலும் வைக்க முடியாததால் புறனடைக்குத் தள்ளியிருக்கிறேன்.

அடுத்து பொழுது. இங்கே குளிர்காலம் என்பது இருதரப்புக்கும் இருவேறு பொருள் உடையது. சைபீரியாவிலிருந்து வரும் உள்ளானுக்கு இது வெயில் காய வந்த இடம். கும்பகோணத்திலிருந்து வரும் மாமாவுக்கு இது மங்கி குல்லாவைக் காதுவரை இழுத்துவிட வேண்டிய இடம். இருவரும் ஒரே சேற்றின் இரு கரைகளில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி இலக்கணம்.

காண்பான் காணப் படுவது இடைவெளி
பக்கத்து நிற்பான் எனநான் குறுப்பே;
நான்கனுள் இறுதி தலையா யதுவே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், காட்சிக்கு உறுப்பு நான்கு என்பதும், அவற்றுள் சிறந்தது பக்கத்தில் நிற்பவர் என்பதும் உணர்த்துதல் நுதலிற்று. முதல் மூன்றும் இருந்தால் போதாதா என்றால், போதாது. பக்கத்தில் ஒருவர் இல்லாமல் கண்ட பறவையை நம்புவாரில்லை. அவர் இருந்து, அவரும் கண்டுவிட்டால், அது வேறு பறவை என்பார். ஆகவே சதுப்புநிலத்தில் காட்சி நடப்பது கண்ணுக்கும் பறவைக்கும் நடுவில் அல்ல. கரையில் நிற்கும் இருவருக்கும் நடுவில்தான். கீழ்வரும் வகைகள் எல்லாம் இந்தக் கருத்தின் விரிவே.

முதலாவது, வெண்புள்ளிக் காட்சி. கோடியக்கரையின் தலைமைக் காட்சி இதுதான். பூநாரை பார்க்க வந்தவருக்கு உப்பளத்தின் அந்தக் கோடியில், நீரும் வானமும் ஒட்டுகிற இடத்தில், வெள்ளையாக ஒரு வரிசை காட்டப்படும். கானல் அலையில் அது நெளியும். நெளிவதால் உயிருள்ளது என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் உப்பளத்தில் வெள்ளையாக இருப்பவை இரண்டு: பூநாரை, உப்பு அம்பாரம். இரண்டுமே கரையோரம் வரிசையாக நிற்கும். இரண்டும் கானலில் நெளியும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் குழப்பம் குறைவு. மழைக்குப் பயந்து அம்பாரத்தின்மேல் ஓலையோ கீற்றோ போட்டு மூடியிருப்பார்கள். வெயில் திரும்பிப் பாத்திகளில் மறுபடி உப்பு வாரத் தொடங்கும் நாளிலிருந்து ஐயம் பெருகும்.

அசைவது பறவை அசையாதது உப்பே;
உறங்கும் பறவை உப்பின் பாற்படும்.

இரண்டாம் அடிக்குக் காரணம் உண்டு. பூநாரை ஒற்றைக்காலில் தலையை முதுகில் புதைத்துக்கொண்டு தூங்கினால், நாலைந்து அடி உயரப் பறவை வெறும் வெள்ளைக் குவியலாகிவிடும். அது விழிக்கும்வரை காத்திருக்கச் சுற்றுலா வேனுக்கு நேரமில்லை. உப்பை உப்பென்று எவ்வித ஐயமும் இன்றிக் கண்டவர்கள் என்று வரலாறு உறுதி சொல்வது 1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜியோடு இந்தப் பக்கம் வந்து உப்பு அள்ளியவர்களை மட்டுமே. அவர்களிடம் பைனாகுலர் இருந்ததாகத் தெரியவில்லை.

வெண்புள்ளிக் காட்சியின் உட்பிரிவு ஒன்று, நிறக்குறைக் காட்சி. அதாவது, கிட்டத்தில் பார்த்தே விட்டார். ஆனால் மனம் நிறையவில்லை. "என்னங்க, ரோஸ் கலரா இருக்கும்னாங்க?" என்பது இதன் வாய்பாடு. பூநாரையின் சிவப்பு பிறவியில் வருவதல்ல, சாப்பாட்டில் வருவது. கூனிப்பொடியும் நுண்பாசியும் தின்னத் தின்ன இறகில் ஏறும். குஞ்சாக இருந்து வளர்ந்து வருபவை சாம்பலும் பழுப்புமாக, யாரோ கழுவாமல் விட்டதுபோல இருக்கும். பெரியவையும் மடித்த சிறகோடு நின்றால் பெரும்பாலும் வெள்ளைதான். அது இரை எடுப்பதைக் கவனித்தால் நிறக்குறை மறந்துவிடும்: கழுத்தைக் கீழே விட்டு, அலகைத் தலைகீழாகத் திருப்பி, மேல் அலகு அடியில் வருமாறு நீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளில் இரை தங்கும், சேற்றுநீர் போய்விடும். மாவு சலிப்பவர் சல்லடையை அசைப்பது போலத் தலையை இடம் வலமாக அசைத்துக்கொண்டே நடக்கும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கியும் விடும். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ மிரண்டு கூட்டம் எழும்பும். அதுவரை மூடியிருந்த செஞ்சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் விரியும். அப்போது நம் ஆள் கேமராவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருப்பார். இதுவும் இலக்கணத்துக்கு உட்பட்டதே.

இரண்டாவது, ஐயக்காட்சி. வெண்புள்ளிக்கு எதிரானது இது. பறவை பத்தடியில் நிற்கிறது, வெளிச்சம் நன்றாயிருக்கிறது, கண்ணாடி துடைத்தாயிற்று. இருந்தும் அது என்னவென்று தெரியவில்லை. கரையோரப் பறவைகள் எல்லாம் இவ்வகை. வடக்கே, ஆர்க்டிக் தூந்திராவில் இணை சேரும் பருவத்தில் வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறத்தில் இருக்கும். யாரும் தவறவிட முடியாது. அந்த அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாம்பலைப் போர்த்திக்கொண்டு இங்கே வருகிறது. கொசு உள்ளானும் அப்படியே. உப்புக்கொத்திகளில் சிலவும் அப்படியே. ஆயிரக்கணக்கில் சேற்றில் பரவி, எல்லாம் சாம்பல், எல்லாம் கீழே வெள்ளை.

இங்கே பக்கத்தில் நிற்பவரின் பெருமை தெரியவரும். ஒருவர் "வளைமூக்கு" என்பார். மற்றவர் "மூக்கு எங்க சார் வளைஞ்சிருக்கு?" என்பார். அது மூக்கைச் சேற்றுக்குள் விட்டிருக்கும். புத்தகம் எடுக்கப்படும். புத்தகத்தில் இரண்டு படங்களும் ஒன்றாகவே இருக்கும்.

ஐயக்காட்சியைத் தீர்க்க நிறத்தை விட்டு நடையைப் பிடிக்க வேண்டும். இந்தச் சூத்திரம் வாச்சர்களுக்கும் பழைய பறவைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். உப்புக்கொத்தி நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்துக் கொத்தும், மறுபடி ஓடும். பெரிய கண், அது கண்ணால் தேடுகிற சாதி. கொசு உள்ளான் நிற்பதே இல்லை. குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அதற்கு அலகின் நுனியே விரல். ஆக, நின்று நின்று ஓடினால் கொத்தி. நிமிராமல் போனால் உள்ளான். இந்த விதி தெரிந்தபின் ஐயம் பாதியாகக் குறையும். மீதிப் பாதி, அது எந்த உள்ளான் என்பது. அதை அறிஞர்களுக்கு விட்டுவிடுக.

கொசு உள்ளானின் எடை இருபத்தைந்து கிராம் பக்கம் இருக்கும். அந்த எடையோடு அது ஆர்க்டிக்கிலிருந்து வந்து சேர்கிறது. நாம் நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்ததற்கே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, கைக்காட்சி. மேலே சொன்ன ஐயம் அனைத்தையும் ஒரேயடியாகத் தீர்ப்பது இது. ஆனால் எல்லோருக்கும் கிடைப்பதல்ல. சாலிம் அலி காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, பறக்கவிட்டு வருகிறார்கள். இருட்டில் தெரியாத மெல்லிய வலை. நிலவில்லாத இரவு தோது. பீகாரின் மிர்ஷிகார் மரபினர், தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்கள், அந்தக் கைத்திறனை இந்த வேலைக்குக் கொண்டுவந்தார்கள். பிடித்த பறவையைத் துணிப்பையில் போட்டு எடை பார்ப்பார்கள், சிறகை அளவுகோலில் வைத்து நீளம் குறிப்பார்கள், எண்ணும் சங்கத்தின் பெயரும் பொறித்த சிறு அலுமினிய வளையத்தை இடுக்கியால் காலில் மூடுவார்கள். கையில் இருக்கும் பறவையைப் பற்றி வாக்குவாதம் குறைவு. சங்கம் இட்ட வளையங்கள் பின்னாளில் சோவியத் நிலத்திலிருந்தெல்லாம் கிடைத்திருக்கின்றன. அதாவது, இங்கே கண்டவர் அங்கே கண்டவருக்குப் பக்கத்தில் நிற்பவர் ஆகிறார். நான்காம் உறுப்புக்கு இதைவிட மேலான சான்று இல்லை.

கரண்டி நுனி மூக்குள்ள உள்ளான் ஒன்று உண்டு. உலகத்தில் மிக அருகிப்போன பறவைகளில் ஒன்று. 1980-களில் கோடியக்கரையில் அதற்குப் பதிவு உண்டு. அந்தப் பதிவின் பலத்தில் இன்றும் சிலர் ஒவ்வொரு கொசு உள்ளானின் மூக்கையும் ஸ்கோப்பில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குத் தனி வகை வேண்டாம். இவர்கள் தவமிருப்போர்; காட்சிக்கு அப்பாற்பட்டவர்கள்.

நான்காவது, நேற்றுக்காட்சி. "நேத்து வந்திருந்தீங்கன்னா!" என்று தொடங்குவது. நேற்று மான் கூட்டம் ரோட்டைக் கடந்தது. நேற்று நரி குட்டியோடு நின்றது. நேற்று பூநாரை கைக்கெட்டும் தூரத்தில் இறங்கியது. இதற்கு எதிர்கால வடிவமும் உண்டு: "அமாவாசை கழிஞ்சு வாங்க." நிகழ்கால வடிவம் இல்லை. மேலும் விரிக்கத் தேவையில்லை. சரணாலயம் போன எல்லோரும் அறிவர்.

ஐந்தாவது, செவிக்காட்சி. இதற்குரிய பறவை ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகிறது. ஒரு பகுதி கடல் தாண்டி இலங்கைக்கும் போகிறது. பச்சை முதுகு, நீலத் திட்டு, கண்ணைக் கட்டும் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் சுமந்துகொண்டு கோடிக்காட்டின் பாலை மரத்தடியில், இருட்டில், காய்ந்த சருகைப் புரட்டிக்கொண்டு திரிகிறது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீட்டி அடிக்கும். பெயரே அதனால் வந்தது. அந்தச் சீட்டியைக் கேட்டதும் பத்துப் பேர் பத்துத் திசையில் திரும்புவார்கள். பத்தும் தவறு.

ஆனால் இயற்கை நியாயமானது என்று நான் நம்பக் காரணமும் இந்தக் குருவிதான். இரவில் பறந்து வருவது. ஐப்பசியில் கரையோர ஊர்களில் களைத்துப்போய் யார் வீட்டுத் திண்ணையிலோ கொல்லையிலோ வந்து விழும். லட்ச ரூபாய் லென்ஸோடு காட்டுக்குள் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவருக்குக் கிடைக்காதது, பாத்திரம் தேய்க்க வந்த பாட்டியம்மாவின் முன்னால் தத்தித் தத்தி நிற்கும். பாட்டி அதைக் கூடையைக் கவிழ்த்து மூடி, பேரனைக் கூப்பிட்டு, "எந்தூருதோ தெரியல, தண்ணி வை" என்பார். வகைப்படுத்தலில் இதைவிடச் சரியான வாக்கியத்தை நான் எந்தப் பறவை நூலிலும் படித்ததில்லை.

ஆறாவது, சுவட்டுக்காட்சி. விலங்கு போய்விட்டது, அடையாளம் இருக்கிறது. ஈர மணலில் குள்ளநரியின் காலடி; பன்றி கிளறிப் போட்ட புல்தரை; மான் புழுக்கை. பங்குனி ஆமை இதில் முதன்மை. பெயர் பங்குனி என்றாலும் தை, மாசியிலேயே இரவில் கரையேறி, குழி பறித்து முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். காலையில் போனால் நீரிலிருந்து ஏறி வந்த தடம் ஒன்று, திரும்பிய தடம் ஒன்று, நடுவில் கலைந்த மணல். அதற்கு முன்பே வனத்துறை ஆட்கள் வந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்திருப்பார்கள். ஆக, காண்பவருக்குக் கிடைப்பது ஆமையும் அல்ல, முட்டையும் அல்ல. இருப்பினும் சுவட்டுக்காட்சியில் ஒரு வசதி: பக்கத்தில் நிற்பவரால் மறுக்க முடியாது. தடம் ஓடிப்போகாது.

ஏழாவது, கொள்ளிவாய்க் காட்சி. கல்கியைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு மட்டும் உரியது. அவர் கதையில் வரும் பூங்குழலி இந்தச் சதுப்பில்தான் வந்தியத்தேவனைப் புதைசேற்றுக்கு இழுத்துப் போய்க் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, அவற்றைத் தன் காதலர்கள் என்றாள். சேற்றில் மட்கும் தாவரத்திலிருந்து எழும் வாயு தீப்பற்றுவது என்று அறிவியல் சொல்லும். இரவில் சதுப்புக்குள் போக அனுமதி இல்லாததால் இவ்வகைக்கு இன்றைய சான்று எதையும் சேர்க்க முடியவில்லை. எனினும் வேனில் வருகிறவர்களில் ஒரு பங்கினர் பறவைக்காக அல்ல, பூங்குழலிக்காகவே வருகிறார்கள். அவர்கள் ஏமாறாமல் திரும்பும் ஒரே கூட்டம்.

எட்டாவது, எதிர்க்காட்சி. மேற்சொன்ன ஏழிலும் மனிதன் காண்பான், விலங்கு காணப்படுவது. இதில் இடம் மாறும். காட்டுச் சாலையோரம் நாட்டுக்குரங்குகள் உட்கார்ந்திருக்கும். அவை பறவையைப் பார்ப்பதில்லை, மானைப் பார்ப்பதில்லை. வண்டியைப் பார்க்கும், பிறகு வண்டிக்குள் மடியிலிருக்கும் பையைப் பார்க்கும், பிறகு பையில் முறுக்கா பழமா என்று பார்க்கும். தூரம் சரியாக இருக்கும், வெளிச்சம் சரியாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் குரங்கும் ஒத்துக்கொள்ளும். நான்கு உறுப்பும் குறையின்றி அமைந்த காட்சி கோடியக்கரையில் இது ஒன்றுதான். உணவு கொடுக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. குரங்குக்கு எழுத்தறிவு இல்லை. கொடுப்பவருக்கும் இல்லையோ என்று தோன்றும்.

வெளிமானை எங்கே வைப்பது என்பதில் நான் நெடுங்காலம் தடுமாறினேன். சரணாலயமே அதற்காக ஏற்பட்டது. ஆண் முதிர முதிரக் கறுக்கும். கொம்பு முறுக்கிக்கொண்டு மேலேறும். பெண்ணுக்குக் கொம்பில்லை, வெளிர் பழுப்பு. திறந்த புல்வெளிதான் அதன் பாதுகாப்பு: தூரத்தில் வருவதைக் கண்டு ஓடிவிடும். எனவே எப்போதும் அதுதான் நம்மை முதலில் பார்க்கும். இது எதிர்க்காட்சி போலும் எனின், அன்று. குரங்கு நம்மைப் பார்த்துக் கிட்டே வரும், மான் நம்மைப் பார்த்துப் போகும். சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் ஏற ஏற அது பார்க்கும் தூரமும் குறைகிறது, நாம் பார்ப்பதும் குறைகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில் ஏறியது. மரங்கள் சாய்ந்தன, மான்களும் பறவைகளும் நிறையச் செத்தன. அந்தக் குளிர்காலத்தில் இங்கே வந்தவர்கள் கண்டதை எந்த வகையிலும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. ஆனால் அதற்கு உரியவர்கள் அதை ஒரு வகையாக ஒப்புக்கொள்வதில்லை. உப்பளத்தில் வரப்பு கட்டுகிறவர், குளிர்காலத்தில் கொட்டகை போட்டுத் தங்கி மீன் பிடிக்கிறவர், கருவாடு காயவைக்கிற பெண்கள். பூநாரை எந்தப் பாத்தியில் இறங்கும், எப்போது எழும்பும், ஆலா எங்கே வட்டமிட்டால் அடியில் மீன் ஓடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேட்டால், "அது கெடக்கு, பறவைதானே" என்பார்கள். ஒரு மாலையில் பைனாகுலர்க்காரர் ஒருவர் தூரத்து வரிசையைச் சுட்டி, "அண்ணே, அது பூநாரைங்களா, உப்புங்களா?" என்று வரப்பில் நின்றவரைக் கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பக்கம் இன்னும் வாரவே இல்லீங்க." கண்ணால் காணாமலே காட்சியைத் தீர்த்துவைத்த அவரை இந்நூலின் உறுப்பிலக்கணத்துக்குள் அடக்க முடியாததால், நூற்பாவைத் திருத்துவதா அவரை விட்டுவிடுவதா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

புறனடை. எஞ்சியது குதிரை. கோடியக்கரையின் மட்டக்குதிரைகள் காட்டு விலங்கல்ல. என்றோ மனிதர் கைவிட்டவற்றின் வழிவந்தவை. வளர்ப்பு விலங்கும் அல்ல. லாயமில்லை, கடிவாளமில்லை, கேட்க ஆளில்லை. வலசை வந்தவை அல்ல. மானுக்குரிய புல்லைத் தின்கின்றன என்று ஒரு வழக்கும் அவற்றின்மேல் உண்டு. எல்லோருக்கும், எல்லா நாளும், கிட்டத்தில், தெளிவாகத் தென்படுவதும் அவைதான். ஹாரன் அடித்தாலும் ரோட்டை விட்டு நகராது. இவற்றைக் கண்ட கணக்கில் எழுதலாமா என்பது கோடியக்கரையில் வேன்தோறும் எழும் வழக்கு. அதற்கு விதி செய்து நூலை முடிக்கிறேன். மான் தென்பட்ட நாளில் குதிரையைச் சேர்க்கக் கூடாது. மான் தென்படாது பூநாரை தென்பட்ட நாளில், பக்கத்தில் நிற்பவர் அதை உப்பு என்றால் சேர்க்கலாம். ஒன்றும் தென்படாத நாளில் குட்டியைத் தனியாக எண்ணிச் சேர்க்கலாம். குரங்கு எந்நாளும் சேராது.